கடைசி மடையின் முதல் தண்ணீர்

1

மெல்பர்ன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்த பெண் அதிகாரிக்கு என் பேத்தியைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். கையில் நீல நிற உறை மாட்டியிருந்தாள். முறுக்கு டப்பாவை எடுத்தாள், குலுக்கினாள், வைத்தாள். கருப்பட்டி வைத்திருந்த ஓலைப்பெட்டியில் சின்னதாக ஒரு துளை இருந்தது. அதற்குள் விளக்கு அடித்துப் பார்த்தாள். கடைசியாக, நான் காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்த பொட்டலத்தை வெளியே எடுத்தாள்.

"இது என்ன?"

"மண்."

"வருகைச் சீட்டில் மண் கொண்டுவரவில்லை என்று குறித்திருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"பிறகு ஏன் ஒளித்து வைத்தீர்கள்?"

நாற்பது வருடம் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். "இது பாழ்நிலத்து மண் இல்லை. அதற்கு இதுதான் சாட்சி" என்றேன். என் ஆங்கிலம் அவளுக்குப் புரிந்தது. விஷயம் புரியவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் அந்தப் பொட்டலத்தை வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பிறகு அது ஒரு மஞ்சள் தொட்டிக்குள் போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். இன்னொரு முறை இப்படிப் பொய் சொன்னால் விசாவே போகலாம் என்று அதில் இருந்தது.

வெளியே காத்திருந்த என் மகன் ஜெபராஜ், "ஏம்பா இவ்வளவு நேரம்?" என்றான்.

"கருப்பட்டியச் சோதிச்சாங்க" என்றேன். அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

அந்த ஒரு கைப்பிடி மண் எப்படி என் காலுறைக்குள் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாசரேத்துக்குப் பக்கத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, ஒரு கல்லூரியில் புவியியல் பேராசிரியராக ஓய்வு பெற்றவன் நான். மனைவி போன பிறகு மகனோடு வந்து, மர்ரே ஆற்றங்கரையில் உள்ள மில்டூரா என்னும் ஊரில் ஆறு வருடமாக இருக்கிறேன். மகன் இங்கே மருந்தாளுநர். இதில் வரும் கிராமத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏரலுக்குக் கிழக்கே, தாமிரபரணி கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் இருக்கிறது என்று சொன்னால் போதும். அந்த ஊர்க்காரர்களின் மனு ஒன்று இப்போது விசாரணையில் இருக்கிறது. என் எழுத்தால் அவர்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை கெடுதல் வந்திருக்கிறது.

2

வேளாண் புவியியலில் நான் எடுத்துவந்த முதல் பாடம் நிலப் பயன்பாடு. நம் நாட்டில் ஒரு கிராமத்தின் மொத்த நிலத்தையும் ஒன்பது வகையாகப் பிரித்து எழுதுவார்கள். விதைத்த நிலம் ஒரு வகை. இந்த வருடம் மட்டும் சும்மா கிடப்பது நடப்புத் தரிசு. முயன்றால் விளையக்கூடிய தரிசு இன்னொன்று. எப்படி முயன்றாலும் விளையாதது பாழ். ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. "நிலத்தின் தலையெழுத்து கடவுள் கையில் இல்லை, களத்தில் நின்று எண் போடுகிறவன் கையில் இருக்கிறது" என்று வகுப்பில் சொல்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள்.

ஏறத்தாழ முப்பது வருடங்களுக்கு முன்பு, ஆற்றின் கடைமடைக் கிராமங்களில் நிலப் பயன்பாட்டை ஆய்வு செய்து தரும்படி அரசுத் தரப்பில் எங்கள் துறையைக் கேட்டார்கள். பொறுப்பு எனக்கு வந்தது. ஆனி மாதத்தில் போனேன். கோடை முடிந்து வயல்கள் வெடித்துக் கிடந்தன. கடைசி மடைக்குக் கீழே இருந்த வயல்களில் வரப்பு முதல் வரப்பு வரை உப்பு பூத்திருந்தது. வெயிலில் கண் கூசியது.

அந்த வயல்காரர்களில் ஒருவர் சுடலைமுத்து. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்ததும் ஓடி வந்தார்.

"சார்வாள், இத இப்பம் பாத்துட்டு எழுதிராதிய. இது நஞ்சை. இங்கன நெல்லு வெளையும்."

"இந்த உப்பிலா?"

"மொதத் தண்ணிய நாங்க பயிருக்கு விடமாட்டோம். வயலுக்குள்ள கட்டி, நாலு நாளு ஊறப் போடுவோம். கடல் வத்துற நேரம் பாத்து, அந்தப் பக்கத்து வடிகாலத் தொறந்து விட்டுருவோம். உப்பத் தூக்கிட்டுப் போயிரும். ரெண்டு தண்ணி அப்பிடிப் போவும். மூணாந் தண்ணிலதான் சேறாக் கலக்கித் தொழி அடிச்சு நடுவோம்."

சொல்லிக்கொண்டே குனிந்து, மேல்மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, "தூ" என்று துப்பினார். பிறகு மம்பட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பவில்லை. இன்னொரு சிட்டிகையை என் முன்னால் நீட்டினார்.

"அடி மண்ணுல உப்பு ஏறல. நாக்குல வச்சுப் பாருங்க."

பக்கத்து வயல்காரர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "ஏலே சொடலை, காலேசு வாத்தியாருக்கு மண்ணத் திங்கக் குடுக்கியே. நாளைக்கி வவுத்தால போச்சுன்னா உன் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த மண்ணைக் கையில்கூட வாங்கவில்லை.

"சரி, திங்காண்டாம்" என்றார் சுடலைமுத்து. "கார்த்திய மாசம் வாங்க. வந்து பாத்துட்டு எழுதுங்க."

எனக்குச் சந்தேகம். ஆய்வுக்குப் போகிற இடத்தில் விவசாயி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது, தண்ணீர் கிடைக்க எதையும் சொல்வார்கள் என்று எனக்கு மூத்தவர்கள் சொல்லித் தந்திருந்தார்கள். அவர் விளக்கமும் கோவையாக, யாரோ சொல்லிக் கொடுத்து ஒப்பிப்பதுபோல் இருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது, எதற்காக என்றுதான் என் புத்தி போனது. பாசன அலுவலகப் பதிவேட்டிலோ, கடைசி மடை வழியாக விடும் தண்ணீர் புரட்டாசி, ஐப்பசியில் கடலில் கலக்கிறது என்று தெளிவாக இருந்தது. பதிவேடு பொய் சொல்லவில்லை. சுடலைமுத்து சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. கடலுக்குப் போனது உப்பைக் கழுவிய தண்ணீர் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அறிக்கையை ஆவணிக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த வருடம் துறைத் தலைவர் பதவிக்கு என் பெயரும் இருந்தது. கார்த்திகை வரை காத்திருந்தால் அது வேறொருவருக்குப் போயிருக்கும்.

மேல்மண்ணை மட்டும் பையில் எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தேன். அடிமண்ணை எடுக்கவில்லை. "சாகுபடிக்கு உதவாத பாழ். கடைசி மடையில் விடப்படும் நீர் பயனின்றிக் கடலில் கலக்கிறது" என்று எழுதிக் கொடுத்தேன். பதவி கிடைத்தது.

3

அதே வருடம் கார்த்திகைக் கடைசியில், ஒரு வேலையாகத் தூத்துக்குடிக்குப் பேருந்தில் போனேன். ஆற்றின் மேலுள்ள ஆத்தூர்ப் பாலத்தில் ஏறியதும் தற்செயலாகக் கிழக்கே பார்த்தேன். கடைசி மடை வயல்கள் எங்கும் நெல். நட்டு ஒரு மாதம் ஆன பயிர். காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. நடுவில் ஓரிடத்தில்கூட வெள்ளை இல்லை.

ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். அறிக்கை அப்போது ஏதோ ஒரு மேசையில்தான் இருந்திருக்கும். "கோடையில் பார்த்ததால் தவறாக வகைப்படுத்திவிட்டேன்" என்று நாலு வரி. நான் எழுதவில்லை. துறைத் தலைவராகி நான்கு மாதம்கூட ஆகாதவன், தன் ஆய்வே தவறு என்று எப்படி எழுதுவது என்று தோன்றியது. அதன் பிறகு அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் பேருந்தில் மேற்கு ஜன்னல் பக்கமாகப் பார்த்து உட்கார்வேன். இடம் இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொள்வேன். ஓய்வு பெறும் வரை அப்படித்தான்.

மறு வருடம் கடைசி மடையை அடைத்துவிட்டார்கள். வீணாகக் கடலுக்குப் போகும் தண்ணீர் என்று என் அறிக்கையே சொல்லியிருந்தது. அந்தத் தண்ணீர் குழாய் வழியாகத் தொழிற்சாலைப் பக்கம் போனது. வயல்களுக்கு முதல் தண்ணீர் வரவில்லை. கழுவாத உப்பு தங்கியது. மேலிருந்தது கீழே இறங்கி, கீழிருந்தது மேலே ஏறி, ஐந்தாறு வருடத்தில் அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. ஒவ்வொருவராக நிலத்தை உப்பளத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள்.

நான் எழுதியது தவறு. ஆனால் நான் எழுதியதாலேயே அது சரியாகிவிட்டது. இன்று அந்த அறிக்கையையும் அந்த நிலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் யாருக்கும் அதில் ஒரு பிழைகூடத் தெரியாது.

சுடலைமுத்துவை அதன் பின் ஒரே ஒரு முறை, ஏரல் சந்தையில் பார்த்தேன். உப்பளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். கால் பாதம் இரண்டும் வெடித்து, வெளுத்துப் போயிருந்தன. அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டார்.

"சார்வாள், சொகமா இருக்கியளா? வாங்க, ஒரு காப்பி குடிப்போம்."

அந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று தேடினேன். குத்திக் காட்டுகிறாரா? காப்பிக்கடையில் ஆட்களை வைத்துக் கேள்வி கேட்கப் போகிறாரா? மனு ஏதாவது நீட்டப் போகிறாரா?

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

பேருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். அவர் இறந்த செய்தி பல வருடம் கழித்துத்தான் எனக்கு வந்தது. அந்தக் காப்பியில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. காப்பி மட்டும்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

4

மில்டூராவில் என் காலை நடை ஒரு திராட்சைத் தோட்டத்தின் ஓரமாகப் போகும். ஊரே திராட்சையும் ஆரஞ்சும் பாதாமுமாக, ஆற்றுத் தண்ணீரை நம்பி வாழ்கிற ஊர். மர்ரே ஆற்றிலும் தண்ணீருக்குச் சண்டை உண்டு. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் கண்காணிக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஊர்தான்.

இங்கே வந்த முதல் குளிர்காலம். ஆடி மாதம் இங்கே கடும் குளிர். திராட்சைக் கொடிகள் இலை உதிர்த்துக் கட்டைகளாக நின்றன. அந்தக் கட்டைகளுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மறுநாளும் பாய்ந்தது. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டக்காரர் கணக்கில் காட்டாமல் தண்ணீரைத் திருடுகிறார் என்றே முடிவு செய்துவிட்டேன். வேலியோரம் நின்ற தோட்டக்காரரிடம், புத்தகத்தில் படித்த ஆங்கிலத்தில், "ஐயா, தாங்கள் நீரை விரயம் செய்கிறீர்கள்" என்றேன்.

ஃபிராங்க் என்ற அந்த மனிதர் சிரித்தார். அவருடைய தாத்தா இத்தாலியிலிருந்து வந்தவராம். "உப்பைக் கழுவி விடுகிறேன். இப்போது கழுவாவிட்டால் கோடையில் வேர் வெந்துவிடும்" என்றார். சட்டைப் பையிலிருந்து உப்பை அளக்கும் பேனா போன்ற ஒரு கருவியை எடுத்து, வடியும் தண்ணீரில் வைத்துக் காட்டினார். கருவியில் ஓர் எண் வந்தது.

உடனே நம்பினேன்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேருக்குக் கீழே உப்பைக் கழுவி இறக்குவது என்ற அந்தக் கருத்து எனக்குப் புதிதல்ல. பாசன வேளாண்மை பற்றிய பாடத்தில் அதற்கு ஒரு தனித் தலைப்பே உண்டு. வருடா வருடம் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியிருக்கிறேன். தேர்வில் கேள்வியும் கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில், அச்சில் பார்த்தபோது நம்பினேன். கருவியில் எண் வந்தபோதும் நம்பினேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், தன் வயலில் நின்று, தன் நாக்கில் வைத்துக் காட்டியபோது மட்டும் யார் சொல்லிக் கொடுத்தது என்று தேடினேன்.

5

போன வருடம் என் கைபேசிக்கு அறியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. உப்பளப் பாத்திகளுக்கு நடுவே பச்சையாக ஒரு துண்டு நெல் வயல். கீழே, "நான் சுடலைமுத்து மக பேச்சியம்மாள். உங்க நம்பர் உங்க தம்பி வீட்டுல வாங்குனேன். இது எங்க வயல்" என்று எழுதியிருந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் தெரிந்த பனைகளை எண்ணினேன். நிழல் விழும் திசையைப் பார்த்தேன். ஜெபராஜ், "இப்பல்லாம் படத்த எப்படி வேணாலும் செஞ்சிரலாம்பா. யாருக்கும் பதில் போடாதீங்க, எதையும் அமுக்காதீங்க" என்றான். மூன்று வாரம் பதில் போடவில்லை.

பிறகு தம்பி பேத்தியின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். கல்யாணம் முடிந்த மறுநாள், அந்த எண்ணுக்கு மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஆத்தூருக்குப் பேருந்து ஏறினேன். பேச்சியம்மாள் ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனாள். ஐம்பது வயதிருக்கும். அப்பாவின் அதே கூர்மையான பார்வை.

மார்கழிப் பெருவெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் மூழ்கடித்த அந்த வெள்ளம், உப்பளங்களின் கரைகளையும் உடைத்துக்கொண்டு இந்த வயல்களில் நாள்கணக்காக நின்று வடிந்தது. முப்பது வருடமாக வராத முதல் தண்ணீர் ஒரே மூச்சில் வந்து போயிருக்கிறது.

"வெள்ளம் வடிஞ்சதும் நான் நாக்குல வச்சுப் பாத்தேன்" என்றாள் பேச்சியம்மாள். "உப்பு இல்ல. குத்தகைக்காரன் திரும்ப வரதுக்குள்ள வெதச்சுப்புட்டேன். இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு ஊரே சிரிச்சுது. நெல்லு வந்த பொறவு சிரிக்கல." கடைசி மடையைத் திரும்பத் திறக்கச் சொல்லி ஊரே சேர்ந்து மனுக் கொடுத்திருக்கிறது. அதிகாரி கோப்பைப் பார்த்துவிட்டு, இது ஆதியிலிருந்தே பாழ் என்று ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறாரே என்றாராம். "என்ன வெதச்சோம்னு எழுதி வச்ச அந்தக் காலத்து அடங்கலக் கேட்டா, வெள்ளத்துல ஊறிப்போச்சுங்காவ. உங்க அறிக்கை மட்டும் ஊறாமக் கெடக்கு."

அவள் குனிந்து மண்ணெடுத்தாள்.

"எங்கப்பா குடுத்தப்பம் வாங்கலியாம். இப்பமாவது வச்சுப் பாருங்க."

நாக்கில் வைத்தேன். எழுபத்தாறு வயதில், அவளைத் தவிர யாரும் இல்லாத ஒரு வரப்பில். பல்லில் மணல் நறநறத்தது. லேசாகப் புளித்தது. உப்பு இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கி ஒரு நோட்டுல எழுதிட்டே இருந்தியளாம்" என்றாள். "அப்பா சாவுற வரைக்கும் அதையே சொன்னாவ. நான் சொன்னத சார்வாள் ஒண்ணு விடாம எழுதுனாரு, அந்த நோட்டு எங்கனயாவது இருக்கும், எடுத்தா நம்ம பக்கத்து நெசம் தெரியும்னு. அது இருக்கா சார்?"

அந்த நோட்டுப் புத்தகம் மில்டூராவில், என் கட்டிலுக்குக் கீழே, பெட்டியில் இருந்தது.

"அது செல்லரிச்சுப் போச்சும்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க முடியவில்லை. இவளை யார் அனுப்பியது, நாளைக்கு என்னை நீதிமன்றத்தில் நிறுத்துவார்களா, செய்தித்தாளில் பெயர் வருமா என்று ஒரே நொடியில் மனம் ஓடியது. வாய் அதற்கு முன்பே ஓடிவிட்டது.

"அப்பிடியா" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் மண்ணைப் போட்டு முடிந்து கொடுத்தாள். "அப்பம் இதையாவது கொண்டுட்டுப் போங்க. அங்கன பெரிய பெரிய லேபு இருக்குமே. சோதிச்சு ஒரு காயிதம் வாங்கி அனுப்புங்க."

அந்த மண்தான் மஞ்சள் தொட்டிக்குப் போனது.

6

என் பேத்தி ரூத்துக்குப் பதினைந்து வயது. வீட்டில் தமிழ் கேட்டால் புரிந்துகொள்வாள், பதில் ஆங்கிலத்தில்தான். சோறு பிடிக்காது. என்னோடு அவளுக்குப் பேச்சு குறைவு, நானும் அவளுடைய கைபேசியைச் சந்தேகமாகவே பார்ப்பேன். ஊரிலிருந்து திரும்பி ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் மாலை கணினியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். பள்ளியில் உணவு உற்பத்தி பற்றிப் பாடமாம். சமையலறையில் உள்ள ஒரு பொருள் எந்த நிலத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டுமாம். அவள் எடுத்துக்கொண்டது உப்பு. இந்தியக் கடையில் வாங்கிய பாக்கெட்டில் தூத்துக்குடி என்று போட்டிருந்ததால், தாத்தாவின் ஊர் சுலபமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

திரையில் செயற்கைக்கோள் படம். கடலோரம் முழுவதும் வெள்ளைக் கட்டங்கள்.

"இந்த வெள்ளைக்கு நடுவில் ஒரு பச்சைக் கட்டம் இருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டாள்.

"வயல்" என்றேன்.

"உப்பளத்துக்கு நடுவில் வயலா? இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது?" பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. "இதற்கு மேல் பின்னால் போக முடியவில்லை தாத்தா. படம் இல்லை."

"அப்போது பாழ்நிலமாக இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா, இருந்ததா? பாழ் என்று யார் முடிவு செய்வது?"

பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கிற சாதாரணக் கேள்விதான். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. "அங்கே போய்ப் பார்க்கிற ஒருவர்" என்றேன். "சரி" என்று சொல்லி அதைத் தட்டச்சு செய்தாள். அந்த ஒருவர் ஒழுங்காகப் பார்த்திருப்பார் என்று அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கையை என்னால் பார்க்க முடியவில்லை.

அவள் போனதும் பெட்டியை இழுத்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். செல் ஒன்றும் அரிக்கவில்லை. என் கையெழுத்துதான், ஆங்கிலத்தில்: "சுடலைமுத்து சொல்வது: முதல் இரண்டு தண்ணீர் உப்பு கழுவ. மூன்றாம் தண்ணீரில் நடவு. கார்த்திகையில் வந்து பார்க்கச் சொல்கிறார். பார்க்க." கடைசிச் சொல்லை இரண்டு முறை அடிக்கோடு இட்டிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்து, மேலே பாழுக்குரிய எண்ணைப் போட்டிருந்தேன். நான்கு பக்கம் தள்ளி, பேருந்து ஆட்டத்தில் கோணலான எழுத்தில் இன்னொன்று: "பாலத்துக்குக் கிழக்கே கடைசி மடை வயல்கள் முழுவதும் நெல். நட்டு ஒரு மாதம்." பார்த்ததை எழுதிவிடுவது என் பழக்கம். எழுதியதை ஒளித்து வைப்பதும்.

ஜெபராஜிடம் எல்லாவற்றையும், அந்த மனுவுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுக்கப் போவதையும் சொன்னேன். அவன் முகம் கறுத்தது. "அப்பா, அந்தப் பொம்பளைக்குப் பின்னால யார் இருக்காங்களோ. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு? கையெழுத்துப் போட்டா உங்க பேருதான் கெடும்."

"என் பேரு கெட்டாத்தாம்ல அந்த நெலத்துப் பேரு நல்லாகும்" என்றேன். வருடக்கணக்கில் அவனிடம் ஊர்ப்பேச்சு பேசியதில்லை. நிமிர்ந்து பார்த்தான். அதன் பின் தடுக்கவில்லை.

நடந்ததைத் தமிழில் ஆறு பக்கம் எழுதினேன். இங்கே சான்றுறுதி செய்யும் வழக்கறிஞருக்கு ஆங்கிலம் வேண்டும். என் எழுத்தை நானே மொழிபெயர்க்கக் கூடாது, அங்கீகாரம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்றார். மெல்பர்னில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மையாருக்கு அனுப்பினேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஐயா, இந்த முதல் தண்ணி எண்டால் என்ன? விளங்கேல்ல." கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு தெளிவாச் சொல்லுறியள். இதை அப்பவே எழுதியிருக்கலாமே" என்றார்.

வழக்கறிஞர் ஆங்கிலப் பிரதியை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்களுக்கு எதிராக நீங்களே கொடுக்கும் வாக்குமூலம். யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?"

"இல்லை. யாருமே கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் இவ்வளவு காலம் ஆகிவிட்டது" என்றேன்.

7

நோட்டுப் புத்தகத்தையும் வாக்குமூலத்தையும் பதிவுத் தபாலில் பேச்சியம்மாளுக்கு அனுப்பினேன். பிரதி வைத்துக்கொள்ளும்படி ஜெபராஜ் சொன்னான். வைத்திருக்கிறேன். குணம் மாறவில்லை.

ஒரு மாதம் கழித்து, நான் மதியச் சாப்பாட்டில் இருக்கும்போது அவள் கூப்பிட்டாள். அங்கே காலை நேரம். பின்னால் காகச் சத்தமும் ஏதோ வண்டிச் சத்தமும் கேட்டன.

"வந்துட்டு சார். செல்லு அரிக்கவே இல்லையே."

"இல்லம்மா. பொய் சொன்னேன்."

"தெரியும். அன்னைக்கே தெரியும்." பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "எங்கப்பா பேர உங்க கையால எழுதியிருக்கிய. எனக்கு இங்கிலீசு தெரியாட்டாலும் அந்தப் பக்கத்தத் தெனமும் எடுத்துப் பாக்கேன்."

"அதிகாரி என்ன சொன்னாரு?"

"அதத்தான் சொல்ல வந்தேன். இந்த நோட்ட இப்பம் ஒக்காந்துகூட எழுதியிருக்கலாம்லான்னு கேக்காரு. நீங்க எங்ககிட்ட என்னமும் வாங்கிட்டு மாத்தி எழுதுறியளோன்னு ஒரு சந்தேகமாம் அவருக்கு."

என் கையெழுத்து, என் நோட்டு, வழக்கறிஞரின் முத்திரை, இத்தனைக்கும் மேல் என்ன வேண்டும் அந்த ஆளுக்கு? ஒரு முதியவன் தன்னைத்தானே குற்றம் சாட்டி எழுதியதை நம்ப முடியாதா? கத்துவதற்கு வாயைத் திறந்தேன். யாரோ சொல்லிக் கொடுத்து ஒப்பிக்கிறார் என்று நான் நினைத்த அந்த மனிதரின் நீட்டிய கை கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நீ நம்புறியாம்மா?" என்று கேட்டேன்.

"காயிதத்த நான் நம்பல சார். நாக்குல மண்ண வச்சப்பம் உங்க மொகத்தப் பாத்தேன். அதத்தான் நம்புதேன்." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "ஆனா அவுகளுக்கு அது பத்தாது. ஆளு நேருல வரணுமாம். வயல்ல நின்னு சொல்லணுமாம். ரெண்டாந் தடவ வெதைக்கப் போறோம். மழைத் தண்ணியக் கட்டி ஒரு தண்ணி கழுவியாச்சு."

"எப்ப வரணும்?"

"கார்த்திய மாசம் வாங்க" என்றாள். "வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

தந்தை சொன்ன வார்த்தைகள்தான், 'எழுதுங்க' மட்டும் 'சொல்லுங்க' ஆகியிருந்தது. அவள் அதைத் தெரிந்து சொன்னாளா என்று கேட்கவில்லை.

பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. இதய மருத்துவர் தயங்கினார், காப்பீட்டுக்காரர்கள் நாலு படிவம் கேட்டார்கள், ஜெபராஜ் தானும் கூட வருவதாகச் சொல்கிறான். ரூத் தன் பாடத்துக்கு அந்தப் பச்சைக் கட்டத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அந்த அதிகாரி என்னை நம்புவாரா என்று தெரியாது. நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அதைவிட அதிகமாகவே இருக்கிறது. கேட்கிறவரைக்கும் கேட்கட்டும், நான் அந்த வரப்பில் நிற்பேன்.

தம்பி, தன் வீட்டிலிருந்து காரில் அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாசரேத்திலிருந்து தூத்துக்குடிப் பேருந்தில்தான் போக வேண்டும். வலது பக்கம், கிழக்கு ஜன்னல் ஓரமாக ஓர் இடம் பிடிக்க வேண்டும். ஆத்தூர்ப் பாலம் வரும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.